ஒட்டகத்துக்கு அச்சுவெல்லம்

பூங்கோதை அரைக்கிலோ அச்சுவெல்லத்தோடு ஒட்டகப் பண்ணைக்கு வந்திருந்தாள். உயிரணுவின் மேல் கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஏற்பி என்ற புரதத்தைப் படமெடுக்க ஏழு வருடம் மல்லுக்கட்டியவள் அவள். ஏற்பியோ ஒரு கணம் சும்மா இருக்காது; எடுத்த படமெல்லாம் கலங்கிய குட்டை. கடைசியில் அதையே ராஜாத்தி என்ற இந்த ஒட்டகத்துக்கு ஊசியில் ஏற்றி, ஒரு தம்ளர் ரத்தம் எடுத்து, அதில் உண்டான, ஒட்டக இனத்துக்கே உரிய குட்டி ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்தார்கள். அது ஏற்பியின் இடுக்கில் போய் உட்கார்ந்ததும் ஆட்டம் நின்றது. போன வாரம் படம் தெளிவாக விழுந்தது.

“ரத்தம் எடுத்துட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லம்மா,” என்றார் ராஜாத்தியைப் பராமரிக்கும் மஸ்தான் பாய். “நீங்க நன்றி சொன்னா இதுக்கு என்ன தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமே, பாய்.”

ராஜாத்தி வெல்லத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு என்ன நினைத்ததோ, நீண்ட கழுத்தைத் தாழ்த்தி, அவளுடைய கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் தாடையைப் பொருத்திக் கண்ணை மூடியது.

“நகர்ந்துக்கங்கம்மா, அதுவா தலைய எடுக்காது.”

கைப்பையில் போன் அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. பூங்கோதை அசையவில்லை.