அமைச்சருக்குப் பின்னால் ஓர் இடம்

லண்டன் மக்களவையில் டெஸ்மண்ட் ஹார்கப் மறுபடி எழுந்து நிற்கிறார். ஒருவர் பேசி முடித்ததும், பேச விரும்புகிறவர்கள் இப்படி எழ வேண்டும். சபாநாயகர் கண்ணில் பட்டால் வாய்ப்பு. தன் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியை மூடவிட மாட்டேன் என்று சொல்லியே ஐந்து தேர்தல் ஜெயித்தவர், மதியத்திலிருந்து தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருக்கிறார். சபாநாயகரின் பார்வை அவரது வழுக்கையைத் தாண்டி எங்கோ போகிறது. "உக்காருப்பா டெஸ்மண்ட்," என்கிறாள் பக்கத்து இருக்கையிலிருக்கும் சக எம்.பி. புரூடன்ஸ். "நீ இருக்கறது அந்தாளுக்கு இன்னிக்கா தெரியாமப் போச்சு?" கட்சிக் கொறடா குனிந்தபடி வருகிறான். "சார், அமைச்சருக்குப் பின்னாடி வந்து உக்காருங்க. டிவில காலியாத் தெரியுது." "அங்கேருந்து எழுந்தா கூப்பிடுவாங்களா?" "கண்டிப்பா சார். மொதல்ல வாங்க." ஹார்கப் டையைச் சரிசெய்துகொண்டு போய் அமர்கிறார். கேமரா வெளிச்சம் நெற்றியில் விழுகிறது. அமைச்சர் இருமிவிட்டு, மூடப்போகும் ஆஸ்பத்திரிகளின் பெயர்களை வாசிக்கிறார். மூன்றாவது, ஹார்கப்பின் ஊர். தன் கட்சி அமைச்சர் எதைச் சொன்னாலும் ஆடிப் பழகிய தலை, அதற்கும் ஆடுகிறது. அது ஆடுவது அவருக்கே தெரிகிறது. நிறுத்தப் பார்க்கிறார். சுற்றிலும் அத்தனை தலைகளும் ஆடும்போது ஒன்று மட்டும் நின்றால் டிவியில் நன்றாகவா இருக்கும்?