மைனாவும் தங்கமாரியின் ஹெட்போனும்

பள்ளிக்கூட மரத்தில் ஒரு மைனா இருந்தது. யார் எதைச் சொன்னாலும் ஒரே தடவையில் திருப்பிச் சொல்லிவிடும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். மொழி ஆய்வகம் வந்த பிறகு அதை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. டீச்சர் உட்பட எல்லார் காதிலும் ஹெட்போன். மைனாவுக்கு வயிறு எரிந்தது.

வகுப்பில் வாயே திறக்காத தங்கமாரிகூட இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பேசினாள். கணினி 'வெஜ்டபிள்' என்றால் அவள் 'வெஜிடேபிள்' என்பாள். ஒவ்வொரு முறையும் அவள் குரலையே ஹெட்போன் அவளுக்குப் போட்டுக் காட்டும்.

"நாற்பது தடவை தப்பாகச் சொல்லிவிட்டாள். உனக்குச் சலிக்கவில்லையா?" என்று மைனா கேட்டது.

"எனக்கென்ன சலிப்பு? அவள் தப்பு அவள் காதோடு போகிறது," என்றது ஹெட்போன்.

"நான் போகவிட்டால்தானே!"

மைனா ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து, "வெஜிடேபிள்! வெஜிடேபிள்!" என்று அவள் குரலிலேயே கத்தியது. வகுப்பே சிரிக்கும் என்று காத்திருந்தது. யாருக்கும் கேட்கவில்லை; யாரும் திரும்பவில்லை. தொண்டை கட்டும்வரை விடாமல் கத்தியது.

அதற்குள் தங்கமாரி சரியாகச் சொல்லிவிட்டாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், "இது என்ன பெரிய வித்தை, நானும் சொல்கிறேன் பார்" என்று மைனா வாயைத் திறந்தது.

"வெஜிடேபிள்" என்றுதான் வந்தது.