மூணு நாள் அழுகை

சிரிப்பு வருகிற கதைதான். ஆனால் உடனே வராது. அதுவரை விருத்தாம்பாளோடு மூணு நாள் வாசற்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மருமகள் வள்ளியம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. மூத்தது எட்டாம் நாளே போய்விட்டது. இதையாவது தக்கவைக்க வேண்டும். தீட்டு அறைக்குள் போகாமல், அறை வாசலிலேயே காவல் இருந்தாள் மாமியார் விருத்தாம்பாள்.

"மூணு நாளைக்குத் தாய்ப்பால் ஆவாது. மஞ்சளா, சீழு கணக்கா இருக்குது. பீச்சி ஊத்திட்டு சக்கரத் தண்ணி குடு."

"ஆவட்டும் அத்தே" என்றாள் வள்ளி உள்ளேயிருந்து.

துணைக்கு வந்திருந்த வள்ளியின் தங்கை பவுனுக்குப் பதினாறு வயசு. பஸ் கண்டக்டர், மலைக்கோட்டைக் குரங்கு, யார் குரலையும் அப்படியே எழுப்பிக் காட்டுவது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. வெல்லம் போட்டுக் காய்ச்சின சீம்பாலை வழித்துத் தின்றுகொண்டே வந்தாள்.

"அத்தே, நம்ம பசு கன்னு போட்டதும் இந்த மஞ்சப் பாலை மொதல்ல கன்னுக்குத்தானே ஊட்ட விட்டீங்க?"

"இன்னாடி கேள்வி? சீம்பால் குடிக்கலன்னா கன்னு எழுந்து நிக்குமா?"

"அப்ப அக்கா பாலு?"

"அது மாடு. இவ மனுசி."

"நோய் அண்டாம காக்குறதே அந்த மொதப் பாலுதான்னு நர்சம்மா சொல்லிச்சே."

"நர்சம்மாவா வந்து வளக்கப் போவுது?"

"நர்சம்மாவா வந்து வளக்கப் போவுது?" என்று அதே குரலில் இழுத்துக்கொண்டே பவுனு உள்ளே ஓடினாள்.

அக்கா பிள்ளை பட்டினி கிடக்குது, இவளுக்கு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள் விருத்தாம்பாள்.

விருத்தாம்பாள் இருமிக்கொண்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாலே போதும், உள்ளே குழந்தை வீறிடும். பசி அழுகை.

"அழுவட்டும். மூத்தது அழக்கூடத் தெம்பில்லாம கெடந்துச்சு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள்.

மூணாம் நாள் காலை, வள்ளி பிள்ளையை மாமியார் மடியில் போட்டாள்.

"தலைக்கு ஊத்திக்கினு வரேன் அத்தே. பவுனு இன்னும் எழுந்துக்கல."

பேரன் தளதளவென்று இருந்தான். வயிறு நிறைந்த தூக்கம். கடைவாயில் மஞ்சளாக ஒரு துளி.

சக்கரத் தண்ணிக்கு ஏது மஞ்சள்? விருத்தாம்பாள் குனிந்து பார்த்தாள். இருமல் வந்தது.

உள்ளே குழந்தை வீறிட்டது.

மடியைப் பார்த்தாள். பேரன் அசையவில்லை. உள்ளே அழுகையோடு இப்போது விக்கலும் சேர்ந்துகொண்டது.

முந்தானையால் அந்தத் துளியை ஒற்றி எடுத்தாள்.

"அடியே பவுனு, மெதுவா அழு. கொழந்தை தூங்குது."