பாதி நாற்காலி

மலேசியாவின் கிள்ளானில் கௌஸின் பழைய சாமான் கடை. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் மாலை வெயில், மஞ்சளாகிப்போன ஒரு கணினியின் மேல் நிற்கிறது. பள்ளிக்கூடங்கள் கழித்துப்போட்ட இந்த வகையைத்தான் நாச்சம்மை கடை கடையாகத் தேடி வருகிறாள். பார்த்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிறாள். "அக்கா, இது பள்ளிவாசல் இல்ல லா, ஆணி குத்தும்," என்று கௌஸ் சிரிக்கிறான். எண்பத்தேழில், அவள் படித்த பள்ளியின் கணினி அறைக்குள் காலணியோடு யாரும் நுழைய முடியாது. ஒரு கணினிக்கு இரண்டு பேர், இருவருக்கும் ஒரே நாற்காலி. அவள் விசைப்பலகை மீது குனிகிறாள். ஜே எழுத்தின் மூலையில் சிவப்பு நகப்பூச்சு இன்னும் இருக்கிறது. நாற்காலியின் வலது பாதியில் உட்கார்ந்த ஜெய்னம்பு, வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிய பூச்சில் வைத்த புள்ளி. பள்ளி முடிந்ததும் அவள் குடும்பம் டெங்கில் என்ற ஊருக்குப் போனது. அதன்பின் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. "அழுக்கா இருக்கே, பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைச்சுத் தரேன்." கௌஸ் துணியை நனைத்துவிட்டான். "வேணாம்ணே! அப்படியே குடுங்க." நாச்சம்மையின் உள்ளங்கை எழுத்துகளை மூடிக்கொள்கிறது. "உங்க இஷ்டம்." அவன் பிளக்கைச் செருகுகிறான். உள்ளே ஏதோ முனகுகிறது. கறுத்த திரை மெல்லப் பச்சையாகிறது. மூலையில் ஒரு சின்னக் கட்டம் மின்னி மின்னிக் காத்திருக்கிறது. கௌஸ் நாற்காலியை இழுத்துப் போடுகிறான். "நல்லா உக்காருங்கக்கா, விழுந்திடப் போறீங்க." நாச்சம்மை இடது பாதியில் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள்.