பசந்தியின் முறை

ஆளுக்கொரு வசனமாக வாசித்து வந்தவர்கள், வழக்கம்போல பசந்தியைத் தாண்டிப் போகாமல் இன்று அவள் முறையில் நின்றார்கள்.

கல்யாணமாகி வீரபாண்டியில் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, குடும்ப ஜெபத்தில் அவள் மடியிலும் ஒரு தமிழ் வேதாகமம் இருக்கும். அந்த எழுத்து ஒன்றும் தெரியாது. மற்றவர்கள் பக்கம் திருப்பும்போது அவளும் திருப்புவாள்.

எல்லாரும் சங்கீதப் புத்தகத்தில் இருக்க, அவள் முதல் புத்தகமான ஆதியாகமத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை மாமியார் அனுசுயா நேற்றுதான் கவனித்தாள். அன்றிரவு மாமியார் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜெபத்தில் போன் கூடாது என்பது அனுசுயா போட்ட சட்டம். பழைய மொழிபெயர்ப்பில் பாதி விளங்கவில்லை, போனில் எளிய தமிழில் இருக்கிறது என்று மகன் ஜெபக்குமார் எத்தனையோ தடவை கேட்டும் அவள் அசைந்ததில்லை.

இன்று அவளே சொன்னாள்.

"ஒடிசாக்காரப் பிள்ளைல்லா அவ. அவ பாஷையில இருக்கான்னு போன்ல பாருல."

ஜெபக்குமார் தேடி எடுத்தான். ஒரு பக்கம் தமிழ், பக்கத்திலேயே ஒடியா. போனை மனைவியிடம் நீட்டிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

பசந்தி வாசித்தாள். வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பதுபோல, ஓர் எழுத்தும் பிசகாமல்.

ஒரு சொல்லும் புரியாமல் அம்மாவும் மகனும் கண்ணை மூடிக் கேட்டார்கள். முடிந்ததும் ஆமென் என்றார்கள்.

பசந்திக்குக் கண் நிறைந்துவிட்டது.

அனுசுயா அவள் தலையைத் தடவினாள். "அழாத மக்ளே. இனி தெனமும் ஒம் பாஷைதான்."

பசந்தி தலையாட்டினாள்.

மலைமேல் அவள் ஊரில் எந்த வீட்டிலும் ஒடியா பேசமாட்டார்கள். அங்கே பேசுவது குயி. பள்ளிக்கூடத்தில் வாய் தவறி ஒரு குயிச் சொல் வந்தால் உள்ளங்கையில் பிரம்படி விழும். ஒடியா எழுத்து அப்படித்தான் அவளுக்கு வந்தது. இப்போது வாசித்ததை அவள் அம்மா கேட்டிருந்தால் ஒரு வரிகூடப் புரிந்திருக்காது.

சற்றுமுன் போனில் மொழிகளின் பெயர்களை ஜெபக்குமார் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனபோது, நடுவில் குயியும் வந்தது. அவள் கை நீட்டுவதற்குள் அவன் விரல் அதைத் தாண்டிவிட்டது.

அவ்வளவு ஆசையாகத் தேடிக்கொண்டிருந்தான்.