முதல் பக்கம், மூணாவது வரி

"அக்கா, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா, தெரியாதா?"

ஹால்ல இருந்த பதினெட்டு தலையும் திரும்புச்சு. திரும்பட்டும். காலேஜ் லீவு நாள்ல, நூலக ஹால்ல, காசு வாங்காம சும்மா கம்ப்யூட்டர்ல லினக்ஸ் சொல்லித் தர்றோம். மூணு சனிக்கிழமையா இந்தக்கா அதே கேள்வி. வாராவாரம் இடம் மட்டும் மாத்தி மாத்தி உக்காருவாங்க. பாடத்துல நகர்ந்தபாடில்ல.

"இல்ல தம்பி, பாஸ்வேர்டு அடிச்சா திரையில ஒண்ணுமே விழலையே, கீபோர்டு போச்சோ?"

"லினக்ஸ்ல அப்படித்தான்க்கா! கண்ணுக்குத் தெரியாது, உள்ள போயிடும். முதல் பக்கம், மூணாவது வரி. மெனக்கெட்டு எழுதி, பிரதி எடுத்துக் குடுத்திருக்கோம்ல? எங்க குழுவுல ஒரே சட்டம்தான். படிச்சிட்டுக் கேளுங்க. படிக்க மாட்டேன்னா வராதீங்க!"

"சரி தம்பி."

பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அவங்க பக்கத்துல உக்காந்திருந்த டெய்லர் என்னமோ சொல்ல வந்தாரு. என் மூஞ்சியப் பாத்து வாயை மூடிக்கிட்டாரு.

அடுத்த வாரம் பரம சுகம்.

"யாருக்காவது சந்தேகம்?"

மூச்சு இல்ல. ஒரு மணி நேரப் பாடம் முப்பத்தஞ்சே நிமிஷத்துல முடிஞ்சுது. அவ்ளோ தெளிவா நடத்துறேன், என்ன பண்றது!

அதுக்கடுத்த வாரம் வந்தது ஏழு பேரு.

நூலகர் எட்டிப் பாத்தாரு. "பதினஞ்சு பேர் இல்லன்னா அடுத்த மாசம் ஹாலை டான்ஸ் கிளாஸுக்குக் குடுத்துடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

எனக்கு வந்துச்சே கோவம்! சும்மா கிடைச்சா ஒருத்தருக்கும் அருமை தெரியறதில்ல. சேரும்போது எழுதிக் குடுத்த படிவக் கட்டை எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கா போனைப் போட்டேன். முதல்ல டெய்லர்.

"என்னண்ணே, ஆளையே காணோம்?"

"புரியல தம்பி."

"புரியலன்னா கேக்க வேண்டியதுதானே?"

"உங்ககிட்டயா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள அவரே தொடர்ந்தாரு. "நாங்க திருதிருன்னு முழிக்கறதப் பாத்துட்டு அந்தக்கா கேக்கும். அன்னைக்குப் பாஸ்வேர்டு விழாதது எனக்குத்தான். திட்டு மட்டும் அது வாங்கிக்கிச்சு."

போனை வச்சிட்டுப் படிவக் கட்டைப் புரட்டினேன். அக்காவோட படிவம் அடியில கிடந்துச்சு.

'லினக்ஸ் பழக்கம் உண்டா?'

'பதினோரு வருஷம். ஆஸ்பத்திரி சர்வர் எல்லாம் நான்தான் பாத்துக்கறேன்.'

'பயிற்சிக்கு ஏன் வருகிறீர்கள்?'

'உங்களுக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு. முன்னாடி நின்னு பேச எனக்கு வராது. கேக்கக் கூச்சப்படறவங்க பக்கத்துல உக்காந்து, அவங்க சந்தேகத்தை நான் கேக்கறேன். சரிதானே தம்பி?'

அதுக்குக் கீழே, பச்சை மையில, கொட்டை எழுத்துல, என் கையெழுத்தோட:

'படித்துப் பார்த்தேன்.'