தேவையான அளவு

“இதை மனுஷன் தின்பானா? நீயே சொல்லுக்கா.”

தட்டை அக்காவின் பக்கம் தள்ளினான் தம்பி. தட்டில் கொண்டைக்கடலை, கேரட், முட்டைக்கோஸ். மூன்றும் ஒரே வெந்நீரில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தன.

அக்கா ஒரு கடலையை வாயில் போட்டாள். ‘கடக்’ என்றது. கடலையா பல்லா என்று ஒரு நிமிஷம் நாக்கால் துழாவிப் பார்த்தாள்.

“என்னம்மா இது, உப்பே இல்ல?”

“இருபது நிமிஷச் சாப்பாடு, அண்ணி. ஆறரைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தேன். ஆறு அம்பதுக்குத் தட்டுல இருந்துச்சு” என்றாள் தம்பி மனைவி. எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. இன்னும் யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை.

“நாலு மாசமா இதே கூத்துதான்க்கா. திங்கக்கிழமை கேரட் வேக வெச்சது. செவ்வாக்கிழமை முட்டைக்கோஸ் வேக வெச்சது. புதன்கிழமை ரெண்டும் சேர்ந்து வந்து நிக்கும். ஊர்ல இருக்கறவங்க எலும்பையெல்லாம் படம் பிடிக்கறா. என் எலும்பை எண்ண எக்ஸ்ரேயே வேண்டாம், சட்டையைக் கழட்டினாப் போதும்.”

அவன் ஒரு வார இதழில் பிழை திருத்துபவன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலையை நிறுத்துவதில்லை.

“ஆபீஸ்ல ஆளே கிடையாது. மூணு பேர் வேலையை நான் ஒருத்தன் பார்க்கறேன். களைச்சுப்போய் வந்தா இந்தக் கண்றாவி. அதான் உன்னைக் கூப்பிட்டேன். வேலையா, வீடா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். நாளைக்கே ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்லு. ஒரு பிழை இல்லாம நானே திருத்தித் தர்றேன்.”

மனைவியின் முகம் வாடிவிட்டது. அந்த வேலை அவளுக்கு உயிர். படித்து, பரீட்சை எழுதி, ஆறு வருஷம் நின்று வாங்கிய பெயர். அதை வேகாத ஒரு கடலைக்காக விடச் சொல்கிறான்.

அக்கா தொண்டையைச் செருமினாள். அவள் வரும்போதே தீர்ப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள்.

“தம்பி சொல்றதும் நியாயம்தானேம்மா? வயித்துக்கு ஒழுங்கா இல்லாம அப்புறம் என்ன சம்பாத்தியம்? கொஞ்ச நாளைக்கு வேலையை விட்டுட்டு...”

“நான் என் இஷ்டத்துக்கு எதுவும் சமைக்கல, அண்ணி. எல்லாம் இதுல போட்டிருக்கற மாதிரிதான்.”

ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தது. ‘வேலைக்குப் போகும் தங்கைகளுக்கு அவசரச் சமையல். எழுதுபவர்: அன்பு அண்ணி.’

“அட, நம்ம தம்பி பத்திரிகையில வருமே, அந்த அண்ணியா!” அக்கா துள்ளினாள். “நானும் படிப்பேன். ஒரு தடவை அதுல இருந்த மாதிரி செஞ்சும் பார்த்தேன். வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்கூடப் பேசல.”

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். “கொண்டைக்கடலையை நன்கு கழுவி, பத்து நிமிடம் வேகவிடவும்... ஊற வைக்காமயா? பத்து நிமிஷத்துல அது கடலை இல்ல, கூழாங்கல்லு! இதை எழுதினவ ஜென்மத்துல அடுப்பு பத்த வெச்சிருக்க மாட்டா.”

“அச்சுப்பிழையா இருக்கும்” என்றான் தம்பி அவசரமாக.

“அப்படின்னா அது உன் தப்புதானேடா?”

தம்பி தண்ணீர் குடித்தான்.

“உப்பு தேவையான அளவுன்னு போட்டிருக்கு, அண்ணி” என்றாள் மனைவி. “யாருக்குத் தேவையான அளவுன்னு போடல. எனக்குத் தேவைப்படல.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீர்ப்பு கைப்பைக்குள்ளேயே தங்கிவிட்டது. பக்கத்தைப் புரட்டினாள்.

“ஆனா, கடைசியில ஒண்ணு எழுதியிருக்கா பாரு. சமைக்கத் தெரியாட்டியும் பேசத் தெரிஞ்சவ! ‘தங்கைகளே, எக்காரணம் கொண்டும் வேலையை விடாதீர்கள். உழைத்துக் களைத்து வரும் பெண்ணின் சாப்பாட்டில் குறை சொல்பவன் ஆண்பிள்ளையே அல்ல. வீட்டுக்காரர் முகம் சுளித்தால், கோபப்படாமல் கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுங்கள்.’ கேட்டியாடா?”

தம்பி எதையும் கேட்கவில்லை. தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்து, கூழாங்கல் ஒன்றை வாயில் போட்டு மென்று கொண்டிருந்தான்.

“அடுத்த வாரம் பீன்ஸ், அண்ணி. எட்டு நிமிஷம். உப்பு இன்னும் தேவையான அளவுதான்” என்றாள் மனைவி.

“அடுத்த வாரத்துது இன்னும் அச்சுலயே வரலையேம்மா. உனக்கெப்படித் தெரியும்?”

“துவைக்கப் போட்ட இவர் சட்டைப் பையில இருந்துச்சு. கையால எழுதினது.”

அக்கா புரியாமல் விழித்தாள். மனைவி எழுந்து சமையலறைக்குள் போனாள். கரண்டியோடு திரும்பி வந்தாள்.

“இந்தாங்க, அண்ணி.”

அக்கா கையை நீட்டினாள்.

“உங்களைக் கூப்பிடல, அண்ணி” என்று சொல்லிவிட்டு, கரண்டியைப் புருஷன் கையில் கொடுத்தாள்.